கரையோர பஸ்ஸில் வந்த மூளை

எங்கள் ரோபோவை முழுதாகப் பார்க்கக் கிடைத்தது சனிக்கிழமைகளில் மட்டும்தான். காலையில் பாகங்களைப் பூட்டுவோம், பின்னேரம் கழற்றுவோம். மண்டபத்தை இலவசமாகத் தந்தவர் போட்ட ஒரே நிபந்தனை அது. வயரும் பற்றறியும் சிவப்பு பல்பும் ஒன்றாகச் சேர்ந்த எந்தச் சாமானும் ஓர் இரவுகூட அங்கே இருக்கக் கூடாது. யுத்த காலத்துத் திருகோணமலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. இராணுவச் சுற்றிவளைப்பில் அலுமாரியைத் திறப்பவனுக்கு இது குண்டல்ல, பிள்ளைகள் செய்த வண்டி என்று யார் விளங்கப்படுத்துவது?

நான் ஆசிரியை அல்ல. ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் கணனி திருத்தும் வேலை. சனிக்கிழமை வீட்டில் இருந்தால் அம்மா கலியாணக் கதை எடுப்பார், அதற்குப் பயந்துதான் தொண்டு செய்யப் போகிறேன் என்று சிநேகிதிகள் பகிடி பண்ணுவார்கள். பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த நாலு பெண் பிள்ளைகள். வெள்ளைத் தாளில் கீறிய கறுப்புக் கோட்டைத் தானாகவே பார்த்து ஓடும் ஒரு சின்ன வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு இரண்டு கண்கள். வெள்ளையைக் கண்டால் பல்பு எரியும், கறுப்பைக் கண்டால் அணையும். கண்களோடு சேர்ந்த சுற்றுப் பலகைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘மூளை’.

கழற்றிய பாகங்களை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். யாருக்கு எது என்பதில் நான் சர்வாதிகாரி. மூளை, மண்டபத்துக்கு அடுத்த தெருப் பிள்ளையிடம். இறக்கக்கண்டியிலிருந்து வரும் பிள்ளைக்கு எப்போதும் சக்கரங்கள் மட்டும். அவள் வரும் கரையோர வீதியில் இராணுவச் சோதனைச்சாவடி இருந்தது. அங்கே பஸ்ஸிலுள்ள எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து கடந்து, மறுபக்கத்தில் ஏற வேண்டும். சக்கரத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது என் கணக்கு.

ரோபோப் போட்டி நடந்த நாளும் ஒரு சனிக்கிழமைதான். நகரத்துப் பாடசாலை ஒன்றில் மேசை மேசையாகப் பிள்ளைகள் பொருட்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசைக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள், இறக்கக்கண்டிப் பிள்ளை மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த தெருப் பிள்ளை தன் பையைத் திறந்து மேசையில் வைத்தாள். சக்கரங்கள்.

“மூளை எங்க?”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “ஒரு பல்பு விட்டு விட்டு எரிஞ்சது மிஸ். அவ தன்ர மாமாட்டச் சோல்டர் இருக்கு, ஒட்டிக்கொண்டு வாறன் எண்டவ. போன கிழமை நீங்கள் போனாப் பிறகு மாத்திக் குடுத்தனான்.”

“பற்றறி?”

“எரியுதோ எண்டு பாக்கவேணும்தானே மிஸ். அதையும் கொண்டு போனவ.”

போன கிழமை போகும்போது எப்படியோ தப்பிவிட்டாள். இன்றைக்கு வயரும் பற்றறியும் சிவப்பு பல்பும் ஒரே பையில், கரையோர வீதியில், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மடியில். ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள் என்று சத்தம் போட்டேன். அந்தப் பிள்ளை அழுதாள். அழட்டும் என்று விட்டேன். என் கோபம் அப்படித்தான், கிட்ட நிற்பவர் தலையில் விழும்.

பஸ் வரவேண்டிய நேரம் போய்விட்டது. தொலைபேசி இணைப்புகளை நினைத்த நேரம் வெட்டிவிடும் காலம் அது, அன்றும் வெட்டியிருந்தார்கள். வெளி வாசலில் நின்றேன். நிலாவெளிப் பக்கமிருந்து அதே கரையோர வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தகப்பனை மறித்துக் கேட்டேன்.

“பஸ்ஸை மறிச்சு வச்சிருக்கிறாங்கள் தங்கச்சி. ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தனிய நிப்பாட்டியிருக்கிறாங்கள். என்ன பிரச்சினையோ தெரியாது.”

அவர் மகனின் செய்பொருளை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். அவள் முஸ்லிம் பிள்ளை, அதனால் அவளுடைய அல்லாவிடமும் கேட்டேன். எனக்குத் தெரிந்த முறையில்தான் கேட்டேன்.

உள்ளே போட்டி தொடங்கிக் கைதட்டல் கேட்டது. அது யாருக்கென்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் பஸ் வந்தது. அவள் இறங்கினாள். முக்காடு கலைந்து, முகம் வியர்த்து, ஆனால் சிரித்துக்கொண்டு. கண்ணாடி மாதிரியான ஒரு ஷொப்பிங் பையில் மூளை வெளியே தெரியத் தொங்கியது. நான் ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்தேன். ஏச்சு வாய்க்குள்ளேயே கரைந்துபோனது.

“என்னம்மா நடந்தது?”

“மொகக்த மே, இது என்ன எண்டு சிங்களத்தில கேட்டவங்கள் மிஸ். ரோபோ எண்டு சொன்னன். நம்பேல்ல. எனக்கு அவ்வளவு சிங்களம் வராதே. அதான் பற்றறியைக் கொழுவி, அங்க வீதியை மறிச்சு வச்ச வெள்ளைத் தார்ப் பரல்ல பிடிச்சன். எரிஞ்சுது. ஒரு ஆமிக்காரன்ர கறுப்புச் சப்பாத்தில பிடிச்சன். அணைஞ்சுது.”

“பிறகு?”

“தங்கட பெரியவர் வரும்வரைக்கும் நில் எண்டவங்கள். அப்பதான் பயந்தனான். அவர் வந்து பாத்திட்டுச் சரி, போ எண்டவர். பிறகும் மற்றவங்கள் விடேல்ல, ஒவ்வொருத்தனா வாங்கித் தொப்பியில, மணிக்கூட்டில பிடிச்சுப் பாத்தவங்கள். ஒருத்தன் தன்ர மீசையில.”

நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். நெஞ்சில் ஏறியிருந்த பாரமெல்லாம் அந்த மீசையோடு இறங்கியது.

நடுவர்கள் இரங்கி எங்களைக் கடைசியாக விட்டார்கள். வண்டி நேராக ஓடி, முதல் வளைவை அழகாக எடுத்து, இரண்டாவதில் கறுப்புக் கோட்டிலிருந்து விலகி நடுவர்களின் மேசைக்குக் கீழே போய் நின்றது. பரிசு இல்லை. அதற்காக நான் கொஞ்சமும் கவலைப்படவில்லை. காலையில் அழவைத்த பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன், அவளும் சிரித்துவிட்டாள்.

கழற்றும் நேரம் வந்தபோது, மூளை இனி என் வீட்டில்தான் இருக்கும் என்றேன். இறக்கக்கண்டிப் பிள்ளை மறுத்துத் தலையாட்டினாள்.

“ஏலாது மிஸ். பின்னேரம் போகேக்க ஓடவிட்டுக் காட்டச் சொன்னவங்கள். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இல்லாமப் போனால் எங்க ஒளிச்சது எண்டு கேப்பாங்கள்.”

இறங்கிய பாரம் திரும்ப ஏறியது. அவள் சொன்னது சரிதான். அப்படியென்றால் நானும் வருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் வழி முழுதும் சிங்கள வசனங்களை மனத்துக்குள் பாடமாக்கினேன். சாவடியில் இறங்கும்போது நான் வண்டியைப் பைக்குள் வைக்கப் போக, அவள் தடுத்தாள். “மூடினாத்தான் கேப்பாங்கள். கையில வச்சுக்கொண்டு வாங்கோ. ஓட வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம்.”

பூட்டிய வண்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன். “காலமை நிண்டவங்கள் இல்ல மிஸ்” என்று மெல்லச் சொன்னாள். அதைக் கேட்டதும் பாடமாக்கிய வசனம் எல்லாம் பறந்துவிட்டது. இவர்களுக்கு நாங்கள் யாரோ, கையில் இருப்பது எதுவோ. துவக்கோடு நின்ற இளைஞன் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னை நீண்ட நேரம் பார்த்தான். பிறகு போகச் சொல்லிக் கை காட்டினான். காலையில் நின்றவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களோ, அவனுக்குக் களைப்போ, எனக்கு இன்றுவரை தெரியாது.

“கேக்கவே இல்லையே” என்று அவளுக்கு ஏமாற்றம். சக்கரத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று மண்டபத்தில் இருந்துகொண்டு கணக்குப் போட்டவள் நான். அந்தச் சக்கரத்தோடு அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தத் தூரத்தைப் போகவும் வரவும் நடந்திருக்கிறாள்.

இறக்கக்கண்டியில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் போக அன்று இனி பஸ் இல்லை. தரிப்பிடத்தில் அவளுடைய உம்மா நின்றிருந்தார். எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான் நிற்பாராம். போட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகளின் தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு என் தோளையும் அப்படியே தடவினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.