கம்பளி நூலும் சுபநேரமும்

ஓடுகிற காரைக் காற்று எந்த இடத்தில் பிடித்து இழுக்கிறது என்று பார்க்க, வசதியுள்ள நாடுகளில் பெரிய காற்றுக்கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது வெள்ளவத்தையில் வாங்கிய மஞ்சள் கம்பளி நூல். அதை விரல் நீளத்துக்கு வெட்டி, காரின் பின்பக்கம் முழுக்க டேப்பால் ஒட்டி, ஞாயிறு விடிய ஆளில்லாத பாதையில் காரின் சொந்தக்காரரை ஓட்டச் சொல்லுவோம். என் கணவர் பக்கத்தில் இன்னொரு காரை ஓட்டுவார், நான் கமராவோடு அதன் ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். நூல் காரின் உடம்போடு படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. எழும்பிச் சுழன்றால் அந்த இடத்தில் காற்று குழம்பி, காரைப் பின்னுக்கு இழுக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னால் உறவினர்கள், இதுக்கோ எஞ்சினியருக்குப் படிச்சனீர் என்று சிரிப்பார்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு சின்ன ஃபைபர் வேலைத்தளம். வான் பம்பர், தண்ணீர்த் தாங்கி ஒட்டு, ஆட்டோக் கூரை, இப்படியானவைதான் சோறு போட்டன. அங்கேதான் ஒருநாள் அந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சொந்தக்காரர் புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருப்பவர், ரேஸ் ஓடுவதில் பைத்தியம்.

"அக்கா, ஸ்பீட் கூடினா வால் தூக்குது. வளைவில சரியான பயமாக் கிடக்கு. ஒரு பெரிய இறக்கை பூட்டுவமே? வீடியோவில எல்லாக் காருக்கும் கிடக்கு."

"அயன் பண்ணுற மேசையைப் பின்னுக்குப் பூட்டினா வடிவா இருக்குமோ?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இறக்கை வேண்டாம், பின்பக்கத்தின் உருவத்தையே மாற்றுவோம் என்று அவரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். எனக்கு அது வெறும் வேலை இல்லை. கணவரின் அண்ணர் கனடாவுக்கு வரச்சொல்லி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். இந்தக் கார் நல்லபடி ஓடினால் இங்கேயே இருப்பது, இதேபோல வேலைகளைத் தேடுவது. சரிவராவிட்டால் கடையை மூடிவிட்டுப் போவது. எனக்குப் போக விருப்பமே இல்லை. அங்கே போய் யாருடைய களஞ்சியத்திலோ பெட்டி அடுக்க என்னால் முடியாது என்று கணவரின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன்.

காரின் மேலேயே நுரைப் பலகையை ஒட்டி, காய்ந்தால் கல்லாகிற பேஸ்ட் பூசி, அரம் போட்டு உருவத்தைச் செதுக்கினேன். பின்கண்ணாடிக்குக் கீழே நூல் முதலில் பேய் பிடித்த மாதிரிச் சுழன்றது. சரிவைக் குறைத்தேன். ஓரத்தைக் கூராக்கினேன். வாலின் நுனியில் சின்னதாக ஒரு உதடு வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டம், ஒவ்வொரு திங்களும் அரம். கணினியில் வரைந்து வைத்திருந்த படம் எப்போதோ பழசாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் எல்லா நூல்களும் எண்ணெய் வைத்து வாரின தலைமுடி போலப் படிந்து கிடந்தன. அந்த வீடியோவைப் பார்த்து நான் அழுதேன். பார்க்கவும் அவ்வளவு வடிவாக இருந்தது அந்த வால்.

அதன் மேல் அச்சு எடுத்தோம். நுரையையும் பேஸ்டையும் சுரண்டி எறிந்தோம். இனி அந்த உருவம் அச்சுக்குள் மட்டும்தான்.

வார்ப்பதற்கு முன்பு அச்சில் மெழுகு பூசி, அதற்கு மேல் ஒரு திரவமும் பூச வேண்டும். அது காய்ந்து மெல்லிய தோலாகப் படியும். காயாவிட்டால் வார்க்கிற ரெசின் பசை அச்சையே கவ்விக்கொள்ளும். அந்தக் கிழமை விடாத மழை. தோல் காயவே இல்லை. ஆனால் காரின் சொந்தக்காரர் நேரம் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை, ராகுகாலம் பிறக்க முன்பு முதல் பூச்சு விழ வேண்டும். தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் ஒட்டுதப்பா, விரலை வைச்சுப் பாருங்கோ. திங்கட்கிழமை செய்வம்," என்றேன் கணவரிடம்.

"நேரம் தப்பக்கூடாது. நீர் சும்மா இரும், நான் ஃபேன் பிடிச்சுக் காய வைக்கிறன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு அவசரப்பட்ட ஐயரைப் பார்த்துச் சிரித்த மனிதர் இவர். நான் கத்தினேன். தேங்காய் உடைந்தது. அவர் தூரிகையை எடுத்தார்.

மறுநாள் வார்ப்பைக் கழற்ற, விளிம்பில் மரக்கட்டையை இடுக்கி மெல்லத் தட்டினோம். அசையவில்லை. பிறகு பலமாகத் தட்டினோம். அச்சும் வார்ப்பும் ஒன்றையொன்று விடாமல் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தன. என் கையில் வந்த துண்டில் வாலின் உதடு பாதி இருந்தது.

கார்க்காரர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை அக்கா, நேரம் நல்லதுதான், எங்கட கிரகம் சரியில்லை. நான் இறக்கையே பூட்டுறன்," என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் இருந்தோம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேணுமெண்டே செய்தனீங்களோ?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"இல்லை. சத்தியமா இல்லை. ஆனா அது உடையேக்க, இனி அண்ணரிட்டப் போகலாமெண்டு எனக்கு நிம்மதியா இருந்தது."

நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன். ரெசின் பிசின் போகவில்லை. அவரோடு சண்டை பிடிக்கக்கூட எனக்குள் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த கிழமை இருவரும் ஒன்றாகப் போய் கனடா விசாவுக்குக் கைரேகை கொடுத்தோம்.