வாசலில் சொல்லும் சொல்

“பேய்ப்படம் பாத்துப் படிக்கிற இங்கிலீசை வைச்சு நீ ஆரைக் காப்பாத்தப் போறாய்?” என்று மாமா ஒருமுறை கேட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது. வாய் நிறைய மிக்சரை மென்றுகொண்டு படத்தைப் பார்த்தேன்.

நேற்று லண்டனில், குரோய்டன் ட்ராமில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள், ஏதோ தொடரில் வரும் அண்ணன் நல்லவனா தம்பி நல்லவனா என்று அடிபடாத குறையாகச் சண்டை பிடித்தார்கள். உடனே எனக்கு எங்கள் விம்பிள்டன் அறையின் ஈரச்சுவர் மணந்தது. அந்த அறையில் அம்மா, நான், யாரோ தந்த பழைய தொலைக்காட்சி. அம்மா ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவள் நான்தான். இதைச் சொல்லும்போது கழுத்து தானாக நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கும் ஒரு தொடர் இருந்தது, சனிக்கிழமைப் பின்னேரங்களில். அதில் அண்ணன் செத்துத் திரும்பி வந்தவன். தம்பி உயிரோடு இருப்பவன். இருவருக்கும் ஒரே பெண் மேல் காதல். செத்தவனுக்கு ஒரு கட்டுப்பாடு: வீட்டுக்காரர் வாய் திறந்து உள்ளே கூப்பிடாமல் அவனால் வாசலைத் தாண்ட முடியாது. நான் வரிக்கு வரி அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். முத்தக் காட்சிகளில் மட்டும் தடுமாறுவேன்.

“என்னவாம்?”

“கதைக்கினம் அம்மா.”

“ஓம், தெரியுது. வாயும் வாயும் கதைக்குது.”

அம்மாவுக்கு அண்ணன்காரனைப் பிடித்துவிட்டது. “பாவம், சாப்பிடாத முகம்” என்பார். அதனால் அவன் அந்தப் பெண்ணின் தோழியைக் கொன்றபோது, “அவள் ஊருக்குப் போயிட்டாள்” என்று மாற்றிச் சொன்னேன். அந்தப் பெண்ணும் அண்ணன் மேல் இருந்த காதலால் அந்தக் கொலையைத் தம்பியிடம் மறைத்தாள்.

தொடரில் என்னைப் பயமுறுத்தியது அந்த வாசல் கட்டுப்பாடுதான். எங்கள் அம்மா யார் தட்டினாலும் “வாங்கோ” என்பார். பார்சல்காரர், வீடு மாறித் தட்டியவர், எல்லோருக்கும் அதே சொல்.

“ஆரெண்டு கேக்காமல் கூப்பிடாதேங்கோ அம்மா.”

“வாசலில நிக்கிறவைக்கு வேற என்னத்தைச் சொல்லுறது?”

பிறகு குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும்.

“என்னவாம்?”

“இன்னும் பாக்கினமாம்.”

சனிக்கிழமைப் பொய் போலவே அதுவும் சுலபமாக வந்தது. கடிதத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்த வாரத் தொடரில், ஒன்றும் தெரியாத தம்பி தானே கதவைத் திறந்து அண்ணனை உள்ளே கூப்பிட்டான். அதன் பிறகு படியில் கேட்ட ஒவ்வொரு சப்பாத்துச் சத்தத்துக்கும் ஓடிப்போய்க் கதவுப் பூட்டைப் பார்த்தேன். எங்களைப் பிடித்து விமானத்தில் ஏற்றத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் கதவு தட்டப்பட்டது. கறுப்புக் கோட்டு போட்ட நெடிய மனிதர், கையில் ஏதோ கருவி. நான் ஓடி வருவதற்குள் அம்மா, “வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ!” என்றார். அவருடைய கால் உள்ளே வந்தது. நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, குழறிக் குழறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் காஸ் மீற்றர் பார்க்க வந்தவர். பாவம், என்னைவிட அதிகமாகப் பயந்துபோனார்.

அவர் போனதும் அம்மா, “கடிதத்தை எடு” என்றார். ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா கேட்டது வேறு.

“படத்தில அந்தத் தோழிப் பெட்டை ஊருக்குப் போகேல்லைத்தானே?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“செத்த முகம் எனக்குத் தெரியும் பிள்ளை. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

அடுத்த நாள் மாமாவோடு வழக்கறிஞரிடம் ஓடினோம். ஒரு நாள் மிச்சமிருக்க மேன்முறையீடு போனது, பிறகு வென்றோம்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அம்மாவின் புது வீட்டில் காஸ் மீற்றர் தானாகவே கணக்கு அனுப்புகிறது. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. வாசல் கதவில் கமரா இருக்கிறது. மணி அடித்தால் அம்மா “ஆர்?” என்று கேட்கிறார். அப்படிக் கேட்கப் பழக்கியவள் நான்தான்.

நேற்று நான் ட்ராமில் போனது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, மொழிபெயர்ப்பாளராக முதல் நாள் வேலைக்கு. எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று கையெழுத்து வைத்தேன். வாசலில் ஓர் அம்மா, பிரிக்காத கடிதத்தோடு, உள்ளே வரத் தயங்கி நின்றார்.

நான் எழுந்து போய், “வாங்கோ அம்மா” என்றேன்.