கடைசி வரிசை ஓர நாற்காலி

கிழவன் சரடு விடுகிறான் என்று நீங்கள் சொல்லலாம். ராயப்பேட்டையில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மயிலாப்பூர் சபா ஒன்றில் கடைசி வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். பக்கத்தில் என் மனைவி அன்வரி பேகம். அவளும் சாட்சி.

ஸ்ரீவத்சன் என்று ஒரு வசனகர்த்தா இருந்தார். மேடையில் தொடங்கி சினிமாவுக்குப் போனவர். தி.நகரில் அவர் வீட்டு வாசலில் தயாரிப்பாளர்களின் கார்கள் வரிசை கட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், புகழின் உச்சியில், ஒரே நாளில் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஏன் என்று சாகும்வரை வெளியில் சொல்லவில்லை.

தன் நாடகம் நடந்தால் அவர் மேடையைப் பார்க்கமாட்டார். கடைசி வரிசை ஓர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்புச் சத்தத்தை மட்டும் கேட்பார். அப்போது ஹனீஃபா என்று ஓர் எழுத்தாளன், அதாவது நான், இருப்பதே யாருக்கும் தெரியாது. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் என் வயிறு பற்றி எரியும். அவர் நிறுத்திய அதே வருடம் என் முதல் நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தற்செயல்தான்.

இந்த வருடம் அவருக்கு நூற்றாண்டு. பேரன் ஸ்ரீஹரி தாத்தாவின் நாடகத்தை மறுபடி போட்டான். ஒரு காட்சியை மட்டும் மாற்றித் தரச் சொன்னான்.

"ட்ரங்க் கால் சீன், மாமா. வெளியூருக்கு போன் புக் பண்ணிட்டுக் காத்திருக்கறது. அது என்னன்னே இப்ப யாருக்கும் தெரியாது. நீங்கதான் எழுதணும்."

எழுதினேன். மாமியாரைத் திட்டி மருமகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், குடும்ப குரூப்பில் போய் விழுகிறது. அவர் நாடகத்துக்கு நடுவே என் காட்சி. யாருக்குச் சிரிப்பு அதிகம்? ஐம்பது வருடமாக எனக்கு வேண்டியிருந்த பதில் அது ஒன்றுதான்.

ஏழு மணி. திரை விலகியது. அவர் வசனத்துக்கு அரங்கம் அதிர்ந்தது. பழைய எரிச்சல், அதே இடத்தில். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

என் காட்சி வந்தது. முதல் ஜோக்.

ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாவது. இல்லை. மின்விசிறியின் டக்... டக்... மட்டும். எங்கோ ஒரு குழந்தை இருமியது.

ஆனால் ஒன்று இடித்தது. மேடையில் நடிகை அடுத்த வசனத்தைப் பேசவில்லை. காத்திருந்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று நடிகர்கள் நிறுத்துவார்களே... அப்படி.

கண்ணைத் திறந்தேன்.

அத்தனை வாயும் திறந்திருந்தது. தோள்கள் குலுங்கின. ஒருவர் தொடையைத் தட்டினார்... தட்டிய சத்தம் கேட்டது. சிரிப்பு கேட்கவில்லை.

அன்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, ஜனம் வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்குது. நீங்க இன்னா, எழவு வூட்ல குந்திகினு கீற மாதிரி கீறீங்க?"

பேச்சு கேட்டது. பிறகு வாயைத் திறந்து சிரித்தாள்.

சத்தம் இல்லை.

அப்போது... என் முதுகுக்குப் பின்னால்...

அங்கே சுவர்தான் இருக்கிறது.

யாரோ சிரித்தார். மூக்கால், மெதுவாக. ஹ்ம்... ஹ்ம்... ஹ்ம். திருப்தியான சிரிப்பு.

திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

"உங்க சீனுக்குத்தான் மாமா சிரிப்பு ஜாஸ்தி!" என்று நாடகம் முடிந்ததும் ஸ்ரீஹரி போனில் பதிவை ஓட்டிக் காட்டினான். வசனம் கேட்டது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில்... மௌனம்.

மறுநாள் அன்வரியோடு தி.நகர் போய், ஸ்ரீவத்சனின் மகளிடம் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பா எழுதறதை ஏன் விட்டார்னு தெரியுமோ? ஒருநாள் நாடகம் முடிஞ்சு ஆத்துக்கு வந்து ஓன்னு அழுதார். அன்னிலேர்ந்து யார் சிரிச்சாலும் அவருக்குக் கேக்கலை. 'எவனோ பக்கத்துல உக்காந்துண்டு, வயத்தெரிச்சல்ல எடுத்துண்டு போய்ட்டான். திருப்பி வாங்காம விடமாட்டேன்'னு கடைசி வரைக்கும் சொல்லிண்டே இருந்தார்."

யாரைச் சொன்னாரோ, எனக்கெப்படித் தெரியும்?

அன்வரியைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.