பலகைச் சுவரின் இரண்டு பக்கமும்

பரமசிவம் சேர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி தெய்வானை அக்காதான். காலை ஏழரை மணி இருக்கும். ஹட்டனில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் அக்காவின் குரலில் பதற்றமே இல்லை. "சேர், எங்க வீட்டுல ஒருத்தரு தங்கியிருந்தாருல்ல, அவரு இறந்துட்டாருங்க. இத எங்க அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

இதைப் படிப்பவர்களில் பலர், கொத்மலைப் பக்கத்து அந்தத் தோட்டப் பாடசாலையில் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். சொந்த வீட்டுக் கதவையே தட்டிவிட்டு வாசலில் காத்து நிற்கும் சேரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அங்கே தமிழ் படிப்பித்த நானும் முதலில் சிரித்தவன்தான். காரணம் தெரிந்த பிறகு, தான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். மனைவியை ஊர் பைத்தியம் என்று சொல்லிவிடும் என்ற பயம் அவருக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் அது நடந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு மூளையைத் தாக்கும் காய்ச்சல் வந்தது. கண்டியில் ஒரு மாதம் கிடந்து, தெளிந்து வீட்டுக்கு வந்தார். சமைத்தார், தைத்தார், எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தார். கணவரை மட்டும் கூர்ந்து பார்த்து, "அச்சு அசலா எங்க அவரு மாதிரியே இருக்கீங்க. நீங்க யாருங்க?" என்று கேட்டாராம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில், வீட்டை இரண்டாகப் பிரித்த பலகைச் சுவருக்கு அந்தப் பக்க அறையிலிருந்து சேர் எதையோ கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து அக்கா கதறிவிட்டார்: "வந்துட்டீங்களா? இவ்வளவு நாளா எங்க போனீங்க?" சேர் ஓடி வந்து எதிரே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அக்கா இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "அவர எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

கண்டி டாக்டர் விளக்கியதை ஆசிரியர் அறையில் சேர் எனக்குச் சொன்னார். முகத்தை அடையாளம் காணும் இடம் வேறு, இது நம்முடைய ஆள் என்று மனதில் படும் இடம் வேறு. அக்காவுக்கு அந்த இரண்டையும் இணைக்கும் வழி மட்டும் அறுந்திருக்கிறது. காது வழியாகப் போவது கெடவில்லை. மற்றவர்களிடம் அது பெரிதாகத் தெரியாது; மிக நெருங்கியவரான கணவரின் முகத்தைப் பார்க்கும்போது கூடவே எழ வேண்டிய நெருக்கம் எழாததால், மிச்ச மூளை அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது: இவர் வேறு ஆள்.

பிறகு சேர் சொன்னது இன்றும் எனக்குள் சில்லிடுகிறது. "மூளைக்குள்ள தோட்டத்துப் பெரிய துரை மாதிரி ஒருத்தரு உக்காந்து எல்லாத்தையும் பார்க்கிறாருன்னு நெனைக்கிறோம் சேர். அப்படி ஒருத்தரும் இல்ல. கணக்கப்புள்ள, கங்காணி, பெக்டரி ஆளுங்க எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்காங்க. அந்தப் பேச்சுதான் நாம. பங்களாவத் தொறந்து பார்த்தா உள்ள யாருமே இல்ல."

அன்றிலிருந்து அவர் தன் வீட்டில் ஓர் அந்நியராக வாழ ஒத்துக்கொண்டார். கதவைத் தட்டி, அக்கா திறந்தால்தான் உள்ளே போவார். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டார். அக்காவின் எதிரில் வாயே திறப்பதில்லை, திறந்தால் "எங்க அவரு கொரல எங்க படிச்சீங்க?" என்று அக்கா நடுங்கிப் போவாராம். தினமும் அக்கா கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, சரியாக நான்கு மணிக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவரோடு உட்கார்ந்து கணவராகப் பேசுவார். எட்டிப் பார்த்தால் அந்தக் குரலும் போய்விடும் என்ற பயத்தில் அக்கா அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

ஒருநாள் மாணவர்களின் புள்ளித்தாள்களோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அதை நானே கேட்டேன். அக்கா பலகையில் தலை சாய்த்து, வீட்டில் இருக்கும் ஊமை மனிதரைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தார். "அவர அனுப்பிடவா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து சேர் கேட்டார். "வேணாங்க. பாவம், போக எடமில்ல போல" என்றார் அக்கா. சற்று முன் சேர் குடித்து வைத்த கோப்பையில் இன்னும் சூடு இருந்தது. புள்ளித்தாள்களை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கடைசி வருடங்களில் சேருக்கே தடுமாற்றம் வந்துவிட்டது. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் இருப்பவரைப் பார்த்து, இவர் எப்போது இந்த வீட்டை விட்டுப் போவார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது சேரை அவர் அறையிலேயே கிடத்தியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அக்கா வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு மணி ஆனதும் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பலகைச் சுவரோடு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் உடல் இருந்தது. வெகுநேரம் கழித்து, "இன்னைக்கு எங்க அவரு ஏன் பேச மாட்டேங்கிறாரு?" என்று என்னைக் கேட்டார்.

எல்லாவற்றையும் எப்போதோ ஊகித்திருந்த பக்கத்து வீட்டு முனியம்மாக்கா அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். "இத்தன வருசம் சோறு போட்டது நீதானே. அந்த மனுசன் கட்டவெரலச் சேத்து நீயே கட்டிவிடு" என்று அழைத்துப் போனார். அக்கா கூச்சத்தோடு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கைகளைப் பிடித்தார். நூலைச் சுற்றிய விரல்கள் பாதியில் நின்றன. மெதுவாக உள்ளங்கையைத் தடவினார். "இது எங்க அவரு கை" என்றார். திரும்பி முகத்தைப் பார்த்தார். கை வெடுக்கென்று விலகியது. பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, துழாவி, அந்தக் கையை மறுபடி பிடித்தார். அப்போதுதான் அழுதார். பெட்டியைத் தூக்கும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை.

சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வாக்கியம்: "அவ பொய் சொல்லல சேர். அவளுக்குத் தெரியிறதத்தான் சொல்றா." அதோடு ஒரு கலக்கமும் இருக்கிறது. அந்நியரைத் தொட அக்கா விரும்பமாட்டார் என்பதால், பதினோரு வருடங்களில் சேர் ஒருமுறைகூடத் தன் கையை நீட்டவில்லை. அவ்வளவு மரியாதையான மனிதர். ஒருநாள் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க இனி அவர் இல்லை.