இரண்டாம் தடவை எண்ணியது

அன்று வேங்கிக்கால் ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: மெக்கானிக், என் மச்சான், நான். நான் அரைக் காணி நிலம் விற்று ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து லாரிக்கு மெக்கானிக் இரண்டு கனமான ஆக்சில் மாற்றியிருந்தார். குட்டையான மனிதர், காதிடுக்கில் எப்போதும் சாக்பீஸ். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் பல் கணக்கில் ஒத்துப்போகாவிட்டால் கியர் உடையும் என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"கிடைச்சத மாட்டி ஏமாத்திட்டீங்களா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. லாரியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்திலும் அதைச் சுழற்றும் ஷாஃப்டிலும் கோடு போட்டார். "சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதுன்னு முன்னாலயும் பின்னாலயும் நீங்களே சுத்தி எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். இரண்டும் ஒன்றுதான்.

"சந்தேகம் இருந்தா இன்னொரு வாட்டி எண்ணுங்க."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "வா மாமா, மானம் போவுது!"

இன்றும் கூசுகிறது, நான் மறுபடி குனிந்து எண்ணினேன். அவர் எனக்காக டார்ச் பிடித்தார்; என் முகத்தில் மட்டும் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டார்.