கறுப்புக் கேசட்

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து டேப் ரெக்கார்டரின் "ஹெட்"டைத் துடைக்கும்போது எழும் வாசனை, ஊசி போடும் முன் நர்ஸம்மா கையில் தேய்ப்பாரே, அதே வாசனைதான். ஆனால் எனக்கு அது ஆஸ்பத்திரியை நினைவூட்டுவதில்லை. உக்கடம் போகும் வழியில் ஒரு சந்துக்குள், ஆள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய ஒரு கடையைத்தான் நினைவூட்டும். காலிக் கேசட்டும், வேண்டிய பாட்டுகளை எழுதிய தாளும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார் அந்தக் கடைக்காரர். அவர் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் "ரெக்கார்டிங் பாய்". ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் பச்சை மையில் குண்டு குண்டாக எழுதித் தருவார், அவருக்கு அதில் ஒரு பெருமை.

தொண்ணூறுகளின் நடுவில் கேபிள் டிவி எங்கள் தெருவுக்குள் வந்தபோது கூடவே வந்தவள் தாரிகா. சினிமாவுக்குப் பாடாமல், தனக்குத் தானே பாட்டுப் போட்டு, தானே பாடி, தானே கேசட் வெளியிட்ட பெண். பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த என் அப்பாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. "படமே இல்லாம பாட்டு மட்டும் வருதா? அப்பறம் அந்தப் பாட்டு யாருக்காமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அவளுடைய முதல் ஆல்பத்தின் அட்டை மஞ்சள் நிறம், அதனால் அது எங்களுக்கு "மஞ்சக் கேசட்". அதைக் கேட்டுவிட்டு எங்கள் கணக்கு டியூஷனுக்கு எடுத்துப் போய் மற்ற ஐந்து பெண்களையும் கேட்க வைத்தவள் நான்தான். "தாரிகா ஏஜென்ட்" என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். கேலிதான் என்றாலும் எனக்கு அது உள்ளூர இனித்தது, ஏனென்றால் கணக்கில் நான் மக்கு, பார்க்கவும் சுமார், அந்த ஐந்து பேர் என் பேச்சை வாய் பிளந்து கேட்டது தாரிகா விஷயத்தில் மட்டும்தான்.

அந்த ஐந்து பேரில் வளர்மதி என் உயிர்த்தோழி. அன்னூர்ப் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகள் படிப்புக்காக அவள் குடும்பம் எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருந்தது. அவளுக்குக் குரல் இருந்தது. இப்படி ஒரு வரியில் சொல்வதே எனக்கு இன்றைக்கும் லேசாகக் கசக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ப்ளஸ் ஒன் படித்த வருடம் தாரிகாவின் இரண்டாவது ஆல்பம் வந்தது. கறுப்பு அட்டை. எல்லோருடைய காலிக் கேசட்டுகளையும் வாங்கி பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான், பதிந்ததை வாங்கி வந்து விநியோகித்ததும் நான்தான். வீட்டில் போட்டுக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மஞ்சக் கேசட்டில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நின்று, கேட்கிறவள் மூச்சு விட்ட பிறகே அடுத்த சொல்லுக்குப் போன தாரிகா, இதில் யாரோ துரத்துகிற மாதிரி பாடினாள். குரல் மெலிந்து, உயர்ந்து, சின்னப் பிள்ளைக் குரல்போல ஆகியிருந்தது.

டியூஷன் வாத்தியார் சாப்பிட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கி வர அரை மணி நேரமாகும். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் சட்டசபை. இரண்டே வாரத்தில் நாங்கள் மஞ்சக் கட்சி, கறுப்புக் கட்சி என்று பிரிந்துபோனோம். மஞ்சளுக்கு நான் தலைவி. புகழ் வந்ததும் அவள் கெட்டுப்போனாள், பம்பாய்க்காரர்கள் சொல்கிறபடி ஆடுகிறாள், குரலை மிஷினில் போட்டு அரைத்துவிட்டார்கள் என்றெல்லாம் நான் பிரசங்கம் செய்தேன். கறுப்புக்கு வளர்மதி.

"நீ என்னடி பேசற? அவ மேல போயிருக்கா. அந்த ஒசரத்துல நின்னுட்டு அத்தன வெசையாப் பாடறதுக்கு எத்தன தைரியம் வேணும்? ஒரே மாதிரியே பாடீட்டு இருந்தா அவளுக்கே சலிச்சுப் போயிராதா?" என்பாள்.

"வெசையாப் பாடறதுக்கு டவுன் பஸ் கண்டக்டரு போதும், தாரிகா எதுக்கு?" என்பேன் நான். எல்லோரும் சிரிப்பார்கள். அப்போதைக்கு நான் ஜெயித்துவிடுவேன்.

ஆனால் வளர்மதியிடம் நான் பதில் சொல்ல முடியாத ஒரு வாதம் இருந்தது. அவள் பாடிக் காட்டினாள். கறுப்புக் கேசட்டின் மூன்றாவது பாட்டை, அதே உயரத்தில், அதே வேகத்தில், கண்ணை மூடிக்கொண்டு, நோட்டின் மேல் விரலால் தாளம் தட்டிக்கொண்டு அவள் பாடியபோது, என் கட்சியிலிருந்த இருவர் ஒரே சாயங்காலத்தில் எதிர்க்கட்சிக்குப் போனார்கள். மாடியிலிருந்து இறங்கி வந்த வாத்தியார்கூடப் படியிலேயே நின்று கேட்டார். அதற்கப்புறம் என்னை யாரும் ஏஜென்ட் என்று கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெல்லிசைப் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. வளர்மதியின் அப்பா அதிகம் பேசாத மனிதர், மகளிடம் கோபித்துக்கூடப் பேசமாட்டார். அவர் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே வந்து சொன்னாள்: "ஒருக்காப் பாடு கண்ணு. நல்லா வந்துச்சுன்னா பாட்டு கிளாஸுக்கே அனுப்பறேன். இல்லீன்னா இதோட உட்டுப்போட்டுப் படிப்பப் பாரு, அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது." அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாவது பாட்டைத்தான் பாடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு விசேஷத்துக்காகத் தாராபுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்த பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், அங்கிருந்து கறுப்புக் கேசட்டின் ஒரிஜினலை வாங்கி வந்திருந்தான். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே அதைப் போட்டான். எனக்குப் பழக்கமான மூன்றாவது பாட்டு வந்தது, ஆனால் அது வேறு பாட்டாக இருந்தது. மெதுவாக, கனமாக, அடித்தொண்டையில். மஞ்சக் கேசட்டைவிடவும் கீழே இறங்கியிருந்தாள் தாரிகா. "செட்டுல ஏதோ கோளாறுண்ணா" என்றேன். "செட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. உன்ற காதுதான் கோளாறு" என்றான் அவன். வேறு கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக ஓடின.

கோயமுத்தூர் திரும்பியதும் நேரே பாய் கடைக்குப் போனேன். என் கேசட்டை அவருடைய பெரிய "டெக்"கில் போட்டுக் காட்டினார், ஒரிஜினல் மாதிரியே பாடியது. பக்கத்திலிருந்த சின்ன செட்டில் போட்டதும் கீச்சென்று ஓடியது. பாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. பெரிய டெக்கைத் திறந்து ரப்பர் பெல்ட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். "பெல்ட்டு தொளதொளன்னு ஆயிப்போச்சு கண்ணு. பதியறப்ப மெதுவா ஓடியிருக்குது, அதையும் இதுலயே போட்டுக் கேட்டதுல எனக்கு வித்தியாசம் தெரியல. உங்க ஊட்டு செட்டுல போட்டா வெசையா ஓடத்தானே செய்யும்? எத்தன பேருக்கு இப்புடிக் குடுத்துப்போட்டனோ தெரியலியே" என்றார். அப்போதே புது பெல்ட் மாட்டி என் கேசட்டை மறுபடி பதிந்து கொடுத்தார். "உன்ற கூட்டாளிகளையும் எடுத்துட்டு வரச் சொல்லு. சும்மாவே மாத்தித் தாரேன்" என்றார். "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டு வருகிறேன். முதலில், என் பிரசங்கமெல்லாம் ஒரு தளர்ந்த ரப்பர் பெல்ட்டைப் பற்றியது என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்ற வெட்கம். இரு கட்சிக்காரர்களும் மாதக்கணக்கில் சண்டை போட்டது தாரிகாவைப் பற்றியே அல்ல. அதைவிட எனக்குத் தாங்காமல் போனது இன்னொன்று. தாரிகாவே எட்டாத உயரத்தில், தாரிகாவே பாடாத வேகத்தில் வளர்மதி பாடிக்கொண்டிருந்தாள். சொன்னால் அது வெளியே வந்துவிடும், எல்லோரும் அவளைக் கொண்டாடுவார்கள். போட்டி முடியட்டும், அப்புறம் எல்லோர் முன்னிலையிலும் ஒரிஜினலைப் போட்டுக் காட்டி வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமைக்கு நான் வைத்த பெயர் வேடிக்கை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, டியூஷன் முடிந்து நடந்து வரும்போது அவள் தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கடைசி எடத்துல மூச்சே பத்த மாட்டேங்குதுடி சுமி. தாரிகா எப்புடித்தான் பாடுனாளோ?"

"பழகப் பழக வந்துரும்" என்றேன் நான்.

போட்டியன்று மேடையில் ஒரு மெல்லிசைக் குழு உட்கார்ந்திருந்தது. பாட்டுப் பெயரைச் சொன்னால் அவர்கள் வாசிப்பார்கள், ஒத்திகை என்று ஒன்றும் கிடையாது. அவர்கள் ஒரிஜினலைக் கேட்டுப் பழகியவர்கள். வளர்மதி பச்சைப் பாவாடை தாவணியில், இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னிசை மெதுவாக, கீழே ஆரம்பித்ததும் அவள் முகம் மாறியது. அவர்கள் தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்து, தனக்குத் தெரிந்த உயரத்திலேயே ஆரம்பித்தாள். கீபோர்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி முன்னிசை. இந்த முறை அவர்களுக்காகக் கீழே இறங்கிப் பாடினாள். முதல் இரண்டு வரி வந்தது, மூன்றாவது வரி இன்னும் கீழே இறங்கும் இடத்தில் குரலே வரவில்லை, வெறும் காற்று வந்தது. பின் வரிசையில் காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள். "ஒலியும் ஒளியும்மா, வெறும் ஒளி மட்டுந்தானா?" என்று ஒருவன் கத்தினான். அவள் பார்வையாலேயே கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னைத்தான் தேடினாள். நான் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தேன்.

அவள் அப்பா திட்டவில்லை. மேடைக்குப் பக்கத்தில் போய், "போதும் கண்ணு, ஊட்டுக்குப் போலாம் வா" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்து, "நீயும் வாரியா அம்மணி? எங்ககூடவே வந்துரு, தனியாப் போகாத" என்றார். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவிநாசி ரோடு முழுக்க அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் அவள் தன் கேசட்டை எடுத்துக்கொண்டு தானாகவே பாய் கடைக்குப் போயிருக்கிறாள். பாவம், அவர் வெகுளி மனிதர். "அன்னிக்கே உன்ற கூட்டாளிகிட்ட எல்லாரையும் வரச் சொல்லி உட்டனே அம்மணி, சொல்லலியா?" என்று கேட்டிருக்கிறார். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, பிற்பாடு பாய்தான் சொன்னார். அவள் டியூஷனுக்கு வந்து, பெஞ்சில் எப்போதும்போல் இடம் பிடித்து வைத்திருந்த என்னைப் பார்த்து, "கொஞ்சம் அக்கட்ட நகுந்துக்கறீங்களா?" என்றாள். எங்கள் ஊரில் அஞ்சு வயசுப் பிள்ளையைக்கூட "வாங்க, போங்க" என்போம், அதில் செல்லம்தான் இருக்கும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து "வாடி, போடி" என்று இருந்த எங்கள் இருவருக்கும் நடுவே அந்த "ங்க" வந்து உட்கார்ந்தது. நான் நகர்ந்துகொண்டேன். ப்ளஸ் டூ முடித்த கையோடு அவளுக்கு அவிநாசிப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது, அப்பா பெயருக்கு.

இன்று அந்தச் சந்தில் ரெக்கார்டிங் கடை இல்லை, செல்போன் கவர் விற்கும் கடை இருக்கிறது. தாரிகா மூன்றாவது ஆல்பத்தோடு காணாமல் போனாள். அவளுடைய கறுப்பு ஆல்பம் முழுவதும் செல்போனிலேயே கிடைக்கிறது, சரியான வேகத்தில். நான் கேட்பதில்லை. வளர்மதி பாடியதைக் கேட்டவர்கள் உலகத்தில் ஆறேழு பேர் இருப்போம், அதை யாரும் எதிலும் பதிந்து வைக்கவில்லை.

போன வருடம் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் என் மகனைச் சேர்க்கப் போனபோது, அப்ளிகேஷன் வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். கூட மகள். காதோரம் நரைத்திருந்தது, மற்றபடி அதே வளர்மதி. "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? அப்பா நல்லா இருக்கறாருங்களா?" என்று எந்தக் குறையும் இல்லாமல் விசாரித்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, எங்கே தொடங்குவதென்று தெரியாமல், அவள் மகளிடம் திரும்பினேன்.

"உங்கம்மா எத்தன நல்லாப் பாடுவாங்க தெரியுமா கண்ணு? அந்த மாதிரிக் குரல நான் இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்ல."

அந்தப் பெண் சிரித்தே விட்டாள். "எங்கம்மாவா ஆண்ட்டி? எனக்குத் தாலாட்டுக்கூடப் பாடுனதில்லீங்க. ஊட்ல பாட்டுப் போட்டாலே நிறுத்தச் சொல்லுவாங்க."

வளர்மதி என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் கையிலிருந்த ஃபைலை வாங்கிச் சான்றிதழ்களை வரிசைப்படுத்திக்கொண்டே, மிக மரியாதையாகச் சொன்னாள்:

"அவிங்க வேற யாரையோ நெனச்சுட்டுச் சொல்றாங்க கண்ணு. நீ முன்னால போ, வரிசை நகருது."