இட்டிலித் தட்டில் ஊற்றிய பெப்பர்மின்ட் சாக்லேட்

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் என் மனைவி வீட்டில் இல்லாத கிறிஸ்துமஸ் ஒன்றே ஒன்றுதான். அது போன வருடத்துக் கிறிஸ்துமஸ். கனடாவில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவம் பார்க்க அவள் ஐப்பசியில் விமானம் ஏறினாள். நான் போகவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சம்பா நின்றது. கறவை மாடு ஒன்று. இரண்டையும் யார் தலையில் கட்டிவிட்டுப் போவது?

பொங்கலுக்கு முந்தின வாரம் அவள் திரும்பி வர டிக்கெட் போட்டிருந்தது. அதுவரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் பழகிக்கொண்டேன். சாயங்கால ஜெபமாலைதான் பழகவில்லை. எங்கள் வீட்டில் மந்திரத்தின் முன்பாதியை நான் சொன்னால் பின்பாதியை அவள் சொல்வாள். தனியாகச் சொல்லும்போது முன்பாதி முடிந்ததும் என் வாய் தானாக நின்றுவிடும். அடுப்படிப் பக்கமிருந்து பதில் வரும் என்று காத்திருப்பேன். பிறகு மீதியையும் நானே சொல்வேன். ஒரு ஜெபமாலைக்கு ஐம்பத்து மூன்று தடவை இப்படி.

டிசம்பர் முதல் வாரத்தில் மகள் பேசினாள். குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. இன்னும் எடை தேறவில்லை. மகளுக்கும் வயிற்றுத் தையல் சரியாக ஆறவில்லை.

“அப்பா, அம்மாவைப் பங்குனி வரைக்கும் இங்க வச்சுக்கட்டுமா?”

“அம்மா என்ன சொல்றா?”

“அப்பாவைக் கேளுங்கறாங்க.”

“நீ அம்மாவையே கேளும்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பெற்ற பிள்ளையல்லவா கேட்கிறது.

மறுநாள் மனைவி கூப்பிட்டாள். அவள் எதையும் இழுத்துப் பேச மாட்டாள்.

“இந்தக் கிறிஸ்துமஸை நீங்க தனியா எப்படி ஒப்பேத்தறீங்கன்னு பாக்கறேன். அதை வச்சுத்தான் இருக்கறதா கெளம்பறதான்னு முடிவு. திண்டாடினீங்கன்னா மறைக்காம சொல்லணும், ஆமா.”

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் பலகாரத் தட்டு. தீபாவளிக்கு ஒன்பது வீடுகளிலிருந்து எங்களுக்குத் தட்டு வரும். கிறிஸ்துமஸ் அன்று அந்த ஒன்பது வீட்டுக்கும் எங்கள் தட்டு போக வேண்டும். என் மனைவி மூன்று நாள் உட்கார்ந்து அச்சு முறுக்கும் சோமாசும் சுடுவாள். எனக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்காரத் தெரியாது. கடையில் வாங்கிக் கொடுக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் பொம்பளை இல்லை என்று தெருவுக்கே தமுக்கடித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

மகள்தான் வழி சொன்னாள். “எண்ணெயும் வேணாம், ஓவனும் வேணாம்பா. கொதிக்கிற தண்ணி மேல கிண்ணத்தை வச்சு சாக்லேட்டை உருக்குங்க. பிஸ்கட்டைப் பொடிச்சுப் போடுங்க. டின் பால் கொஞ்சம். பெப்பர்மின்ட் எசன்ஸ் ஒரு டீஸ்பூன். தட்டுல ஊத்தி ஃப்ரிட்ஜுல வச்சா ஆச்சு. இங்க கிறிஸ்துமஸ்னா எல்லார் வீட்லயும் இதுதான். அம்மாவும் இங்க அதைத்தான் செய்யப் போறாங்க.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவள் அங்கே செய்வதையே நான் இங்கே செய்யப்போகிறேன்.

சாக்லேட் கிடைத்தது, பிஸ்கட் கிடைத்தது. எசன்ஸ் மட்டும் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் எங்கேயும் இல்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர், கண்ணாடித் துண்டு மாதிரி இருந்த புதினா உப்பை ஒரு சின்ன குப்பியில் போட்டுக் கொடுத்தார். வாசனை அதேதான். மகள் ஒரு டீஸ்பூன் என்றாள், நானும் ஒரு டீஸ்பூன் போட்டேன். இது எவ்வளவு காரமான சரக்கு என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ருசி பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் பேத்தி எடை தேற வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டு, கிறிஸ்துமஸ் பூசை முடிகிற வரைக்கும் இனிப்பு தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தேன். விரலைக்கூட நக்கவில்லை. ஊற்றி வைக்க அச்சு இல்லாததால் இட்டிலித் தட்டில் நெய் தடவி ஊற்றினேன். மேலே சீரகமிட்டாய் தூவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி காலை எதிர்வீட்டுத் தங்கச்சி பால் வாங்க வந்தது. கூடப்பிறந்ததில்லை, எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். ஒன்றை எடுத்துக் கொடுத்து, “ருசி எப்படி இருக்குன்னு சொல்லும்மா” என்றேன்.

வாயில் போட்டது. இரண்டு தடவை மென்றது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “ஐயோ, தண்ணி குடிச்சா இன்னும் ஜிலுஜிலுங்குதே!” என்று வாயை விசிறியது.

“என்னம்மா, நல்லால்லியா?”

“அண்ணே, இது தின்றதா, முட்டியில தேய்க்கிறதா? நெஞ்சுச் சளியெல்லாம் கரைஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு குடுங்க, ஒரு வாரமா மூக்கடைப்பு.”

நானும் சிரித்தேன். வாசல்வரை போன தங்கச்சி திரும்பிப் பார்த்து, “அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த பிளேனைப் புடிச்சு வந்து நிப்பாங்க” என்றது.

விளையாட்டாகத்தான் சொன்னது. ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. ஆமாம், சொன்னால் வந்துவிடுவாள். பொய் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். ஒன்பது வீட்டுத் தட்டும் கெட்டுப்போச்சு, என்னால் முடியவில்லை. மறைக்காமல் சொல்லணும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். போனைக் கையில் எடுத்துவிட்டேன். பொங்கலுக்கு அவள் வாசலில் கோலம் போடுவதுகூடக் கண்ணில் தெரிந்துவிட்டது.

அங்கே அப்போது ராத்திரி, தூங்கியிருப்பாள் என்று போனைக் கீழே வைத்தேன். அதற்காக மட்டும்தான் வைத்தேன். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் எனக்கு இல்லை.

சாயங்காலம், செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் வரிசையில் நின்றேன். கோபப்பட்டது, ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாதது என்று வழக்கமானதையெல்லாம் மனசில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு நின்றது. குழந்தையின் தலை என் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு தேங்காய் அளவுகூட இல்லாத தலை. கனடாவில் இருப்பது இதைவிடச் சின்னது. அதைக் குளிப்பாட்டிப் பழக்கப்பட்ட கை என் மனைவியுடைய கை ஒன்றுதான். சாக்லேட் கெட்டதில் நான் சந்தோஷப்பட்டது எதற்கு என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. சாமியாரிடம் அதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

மறுநாள் காலை எதிர்வீட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி செய்தேன். புதினா உப்பு கடுகளவு. அதை முதலில் ஒரு கரண்டி வெதுவெதுப்பான நெய்யில் கரைத்தேன். ருசி பார்க்கிற வேலை தங்கச்சிக்கு.

“ம்… இன்னொண்ணு குடுங்க, சரியாத் தெரியல.”

நான்காவதையும் தின்ற பிறகுதான், “இப்பச் சரியா இருக்கு” என்றது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து ஒன்பது வீட்டுக்கும் நானே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, “அவங்க எப்ப வர்றாங்க?” வருவாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் அவளே கூப்பிட்டாள். அங்கே இன்னும் முந்தின நாள் ராத்திரிதான். மடியில் குழந்தை.

“என்னங்க, தட்டு போச்சா?”

“ஒன்பது வீட்டுக்கும் போச்சு.”

முதல் நாள் கூத்தைச் சொன்னேன். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, குழந்தை முழித்துவிடாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிரித்து முடித்ததும் குரல் மாறியது.

“அப்பத் திண்டாடிட்டீங்கதானே? நெஜத்தைச் சொல்லுங்க. டிக்கெட் இன்னும் அப்படியேதான் இருக்கு.”

“முத நாளு திண்டாடினேன். மறுநாளு தேறிட்டேன். நீ பங்குனி வரைக்கும் இரு. பிள்ளைக்கு நீ வேணும்.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நான் இல்லாட்டியும் அங்க எல்லாம் நடக்குதுன்னு சொல்லுங்க.”

“நடக்குது. நல்லா இல்ல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையின் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி எதையோ செய்தாள். பிறகு பக்கத்து அறையைப் பார்த்து, “ஏய், டிக்கெட்டை மாத்திடுடி, அப்பா சரின்னுட்டாரு” என்றாள். என் பக்கம் திரும்பி, “தவக்காலம் முடிஞ்சு ஈஸ்டர் வர்றதுக்குள்ள வந்துடறேங்க” என்றாள்.

“சரி.”

அதற்குப் பிறகு திரையில் அவள் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போனை வைக்கவில்லை.